கட்டம் போட்ட நோட்டில் வட்டெழுத்து

கம்ப்யூட்டர் பார்ப்பதற்காகக் கடல் தாண்டி வந்திருந்தேன். உத்தமபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் விழுந்த முதல் செய்தி, ஊரில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை என்பதுதான்.

சொன்னவர், என்னை அழைத்துப்போக வந்திருந்த எஸ்தர். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும். நான் தயங்கும் முன்பே என் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"காத்து சாய்ச்சிருச்சு டீச்சர். அங்கன கோம்பைப் பக்கம் நாலு கம்பம் விழுந்து கெடக்காம். நீங்க வந்த நேரம் பாருங்க!"

அந்தக் காற்றை நான் வழியிலேயே பார்த்துவிட்டேன். சின்னமனூர் தாண்டியதும் எங்கள் பேருந்தின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். புடவைகளும் வேட்டிகளும் ஒரே திசையில் படபடத்தன. எங்கள் ஈப்போவில் பேருந்து நின்றால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். இங்கே ஒருவர் தன் கூடையைத் திறந்து, நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கொத்து கறுப்புத் திராட்சை கொடுத்தார். "மதுரைக்குப் போற சரக்கு. நேரமானா நசுங்கிப் போகும். தின்னுங்க தாயி" என்றார். மதுரைக்குப் போகிற சரக்கு ஏன் கம்பத்துக்குப் போகிற வண்டியில் ஏறியது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார். அவர் வண்டி மாறி ஏறிவிட்டாராம்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஓவியக் கல்வி கற்பிக்கிறேன். அந்த ஆண்டு எங்களுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்றை ஓவியத் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் துணி போர்த்தி வைத்திருந்தோம். அப்போதுதான் ஒரு கல்வி இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைப் படித்தேன். பாறையில் வெட்டியிருக்கும் பழைய வட்டெழுத்துகளை மாணவர்களே வரைந்து, கம்ப்யூட்டர் திரையில் வரவழைக்கிறோம் என்று எழுதியிருந்தது. கீழே மூன்று பெயர்கள். முதல் பெயர் சாகுல், உத்தமபாளையம் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். இரண்டாவது அழகர்சாமி, அதே கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். மூன்றாவது எஸ்தர்.

எங்கள் கல்லூரிக் குழு என்னை நேரில் பார்த்துவரச் சொன்னது. திருப்தியாக இருந்தால் ஓராண்டு வந்து கற்பிக்கும்படி அழைக்கவும் சொன்னது. ஓர் ஆளுக்குத்தான் இடம். அழைப்புக் கடிதத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து என் கைப்பையில் வைத்து அனுப்பினார்கள். அதில் சாகுல் என்று பெயரும் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர்தானே!

அன்று எஸ்தரின் வாடகை வீட்டில் தங்கினேன். அவர் குடும்பம் தேனி கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கிறது. இவர் வேலைக்காக இங்கே தனியாக இருக்கிறார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் புளிப்பான மீன் குழம்பும் வைத்தார். "இது மலையாளத்துக்காரக கத்துக் குடுத்தது" என்றார். மலாய் வீடுகளிலும் இப்படித்தான் கிழங்கையும் மீனையும் சேர்த்துத் தின்பார்கள். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் கரண்ட் வரவில்லை. "கரண்டு எதுக்கு? கிளாஸுக்கு வாங்க" என்று எஸ்தர் அழைத்துப் போனார்.

வகுப்பில் இருபது பேர். நாளைக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஆகப்போகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஓர் எழுத்து. பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம். பாறையிலிருந்து படியெடுத்த எழுத்தை அந்தக் கட்டங்களுக்குள் கொண்டுவர வேண்டும். எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்பதுதான் பாடம். வளைவே உயிரான எழுத்தைச் சதுரங்களால் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று நான் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. என் எழுத்து உடைந்த நாற்காலி மாதிரி வந்தது.

"ஒரு கட்டம் எடுங்க" என்றார் எஸ்தர், என் தோளுக்குப் பின்னால் நின்று.

"எதை?"

"அத நீங்கதான் பாக்கணும்."

ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டத்தை அழித்தேன். கோடு வளைந்துவிட்டது. உண்மையில் அங்கே வளைவு இல்லை, எல்லாம் சதுரம்தான். ஆனாலும் கண் வளைவைப் பார்த்தது. இருபது ஆண்டுகளாக ஓவியம் கற்பிக்கிறேன். எதை விடுவது என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் கற்பித்ததில்லை.

எழுத்து முடிந்ததும் கணக்கு. ஒவ்வொரு வரிசையையும் எட்டெட்டாக இரண்டு பாதியாகப் பிரிக்கிறார்கள். வலக்கோடிக் கட்டத்துக்கு மதிப்பு ஒன்று. அடுத்தது இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் நூற்றிருபத்தெட்டில் முடியும். கறுப்புக் கட்டங்களின் மதிப்பைக் கூட்டி ஓரத்தில் எழுதுகிறார்கள். ஓர் எழுத்துக்கு முப்பத்திரண்டு எண்கள். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, அந்த எண்கள்தான் தெரியும். சாகுல் அவற்றைத் தட்டினால் திரையில் எழுத்து எழும். இரண்டு ஆண்டுகளில் நூற்றிருபது வடிவங்களைச் செய்து முடித்திருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது. தெருவே 'ஓ' என்று கத்தியது. நாங்கள் சாகுல் வீட்டுக்கு நடந்தோம்.

சாகுல் மெலிந்த மனிதர், கூச்ச சுபாவம். அந்தக் கம்ப்யூட்டர் கல்லூரியுடையது அல்ல, அவருடைய சொந்தம். துபாயில் வேலை பார்க்கும் தங்கை மாப்பிள்ளை வாங்கி வந்தது. பெரிய புத்தகம் அளவுக்குத்தான் இருந்தது. அதை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டி, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்தார். செய்த வேலையெல்லாம் சாதாரணப் பாட்டுக் கேசட்டில்தான் பதிவாகி இருக்கும். அதை ஓட்டினால் 'கீ' என்று அலறும். அந்த அலறலைக் கேட்டு மெஷின் எழுத்துகளைப் புரிந்துகொள்ளும்.

தமிழ் விரிவுரையாளர் அழகர்சாமியும் வந்து சேர்ந்தார். உரத்த குரல், பெரிய மீசை. "அம்மா, இப்பப் பாருங்க! ஆயிரம் வருசத்துக்கு முந்தி உளியால வெட்டுன எழுத்து, டிவியில வரப்போகுது!"

சாகுல் பொத்தானை அழுத்தினார். அலறல் வரவில்லை. ஒரு சின்னக் குழந்தையின் குரல் வந்தது.

"அத்தா, எப்ப வருவீக? எனக்குப் பல்லு விழுந்துருச்சு."

குழந்தை தன் அப்பாவுக்கு, பல்லைக் கூரைமேல் எறிந்த கதையைச் சொல்லி முடித்தது. பிறகு ஒரு பெண் குரல், வீட்டுச் செய்திகளைச் சொல்லத் தொடங்கியது. சாகுல் நிறுத்திவிட்டார்.

வாசலில் அவர் தங்கை மும்தாஜ் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அது கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன்ணே. போட்டுப் பாத்தேன், ஒரே இரைச்சலாக் கேட்டுச்சு. நாளைக்கு ஆள் துபாய்க்குப் போறாக, அவுக கையில குடுத்து விடலாம்னு..." தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்ததாம். கல்லூரி அலமாரியில் வைத்தது மழைக்காலத்தில் பூஞ்சணம் பூத்து, ஓட்டியபோது டேப் ரெக்கார்டர் அதை மென்று துப்பிவிட்டது. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு பல் விழுந்த செய்திக்கு அடியில் போய்விட்டது. நான் சாகுலைப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

அவர் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அழுகாத புள்ள. மாப்பிள்ள கேட்டாச் சந்தோசப்படுவாக" என்றார். பிறகு கேசட்டைக் கடைசிவரை ஓட்டினார். மும்தாஜின் குரல் முடிந்த இடத்தில் கொஞ்சம் அலறல் மிச்சமிருந்தது. அதை மெஷினில் ஏற்றிப் பார்த்தோம். நூற்றிருபதில் ஏழு எழுத்துகள் பிழைத்திருந்தன. கேசட்டை உறையில் போட்டுத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எஸ்தர் வாயைத் திறந்தார்.

"நோட்டு எங்கயும் போகலையே சார். இருபது நோட்டும் என் பீரோவுலதான இருக்கு. மறுபடி தட்டிர வேண்டியதுதான்."

"நான் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்" என்றேன். அன்று செவ்வாய்.

"அதுக்குள்ள முடிச்சிருவோம். நீங்களும் வாசிங்க."

புதன்கிழமை காலை முதல் வேலை, வெற்றுக் கேசட்டுகள் வாங்குவது. நானும் எஸ்தரும் கம்பத்துக்குப் பேருந்து ஏறினோம். காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. முன் இருக்கையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று எஸ்தரைக் கேட்டேன். "இந்தக் காத்து இன்னும் கொஞ்சம் வேகமா அடிச்சா டிக்கெட் இல்லாம குமுளி போய்ச் சேந்துரலாம்னு சொல்றாக" என்றார்.

கம்பத்தில் இரண்டு கடைகள்தான் கேசட் விற்றன. இரண்டிலும் வெற்றுக் கேசட் இல்லை. எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டு. எஸ்தர் யோசிக்கவே இல்லை, பாட்டுக் கேசட்டுகளையே நான்கு வாங்கினார். அழிக்க முடியாதபடி அவற்றின் முதுகில் ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். அதில் காகிதத்தைத் திணித்தால் மேலே பதியலாம். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "நல்ல பாட்டும்மா. ஒரு தரம் கேட்டுட்டாவது அழிங்க" என்றார். திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். என் ஊரில் இதே பரோட்டாவை ரொட்டிச்சானாய் என்போம், பருப்பு ஊற்றித் தின்போம். கம்பத்துச் சால்னாவுக்கு முன்னால் அந்தப் பருப்பு நிற்காது. எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு வேலை தொடங்கியது. சாகுல் வீட்டுக் கூடத்தில் மாணவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் நோட்டைப் பார்த்து எண்களை வாசிப்பார். சாகுல் தட்டுவார். முப்பத்திரண்டாவது எண் விழுந்ததும் திரையில் எழுத்து வரும். நோட்டைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அழகர்சாமி சட்டென்று திரும்பி, "ணகரம்!" என்று கத்துவார். சரியென்றால் அடுத்த நோட்டு. அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் எங்கோ எண் பிழை.

"இது யாரு எழுத்து? காது அறுந்து கெடக்கு!" என்றார் ஒருமுறை. எழுதிய பெண் வெட்கத்தோடு கைதூக்கினாள். மறுபடி கூட்டிப் பார்த்தால் நான்கு விட்டுப்போயிருந்தது. என் முறை வந்தபோது நானும் வாசித்தேன். "பூச்சியம், அறுபது. பூச்சியம், அறுபத்தாறு." என் எழுத்து திரையில் எழுந்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தனை நாள் ஈப்போவில் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியால் இதைச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாற்பத்தொன்றாவது எழுத்தில் கரண்ட் போனது.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சாகுல் கடைசியாகக் கேசட்டில் பதிந்தது முப்பதாவது எழுத்தில். பதினொன்று போயிற்று. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என் தப்பு. இடையில பதிஞ்சிருக்கணும்" என்றார்.

"சரி சார். இனிமே அஞ்சு எழுத்துக்கு ஒருக்கப் பதிவோம்" என்றார் எஸ்தர். மும்தாஜ் எல்லோருக்கும் நெய்ச்சோறும் பருப்புத் தால்சாவும் கொண்டுவந்தார். இருபத்துநான்கு பேருக்குச் சமைத்திருந்தார். தன் மனத்தில் இருந்ததை அவர் அப்படித்தான் இறக்கிவைத்தார் என்று நினைக்கிறேன். மாணவர்கள் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து, இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

கரண்ட் வராத அந்த மாலையில் இன்னொரு சிக்கல் கிளம்பியது. பழைய பகரமும் வகரமும் நோட்டில் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. "பாறையிலயே அப்படித்தான் இருக்கு. படிக்கிறவுக இடம் பாத்துப் படிக்கணும்" என்றார் அழகர்சாமி.

"ரெண்டும் ஒண்ணில்ல சார்" என்றார் எஸ்தர். "வகரத்துக்கு இடப்பக்கம் ஒரு இழுப்பு இருக்கு. நம்ம படியில அது விழல."

"முப்பது வருசமாப் படிக்கிறேன்மா."

"காலையில போய்ப் பாத்துருவோம்" என்றார் எஸ்தர்.

வியாழன் விடிந்ததும் நால்வரும் ஊருக்கு வெளியே இருந்த பாறைக்கு நடந்தோம். சமணத் திருமேனிகள் வரிசையாகக் கண்மூடி அமர்ந்திருந்தன. அவற்றின் கீழே எழுத்துகள். எங்கள் ஈப்போவைச் சுற்றியும் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு, குகைக்குள் கோயில்கள் உண்டு. எழுத்துக்காக நான் ஒருநாளும் அங்கே நின்றதில்லை. எஸ்தர் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். வெயிலைப் பிடித்து, பாறையின் மேல் படுக்கைவாட்டில் விழும்படி காட்டச் சொன்னார். நான் காட்டினேன். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்தது. வெட்டிய கோடுகள் மட்டும் கறுத்து எழுந்தன. ஓர் எழுத்தின் இடப்பக்கம், நகக்கண் அகலத்துக்கு ஓர் இழுப்பு.

அழகர்சாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, அவ்வளவு உரத்த மனிதர் மெதுவாகப் பேசினார். "வகரந்தாம்மா. நான் இத்தன நாளும் வெடிப்புன்னு நெனச்சுட்டேன்." பிறகு தன் வகுப்புக் குறிப்பேட்டைத் திறந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்து எழுதினார். மாணவர்களிடமும் அன்றே சொன்னார், யார் கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்து. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். இதை அவர்களில் எத்தனை பேர் செய்வார்கள்?

அன்று பத்து மணிக்கு வந்த கரண்ட் மாலை வரை நின்றது. நாலரை மணிக்கு நூற்றிருபதாவது எழுத்து விழுந்தது. சாகுல் நான்கு கேசட்டுகளிலும் பதிந்தார். பிறகு கல்வெட்டின் முதல் வரி முழுவதையும் திரையில் வரவழைத்தார். கறுப்பில் வெள்ளையாக, வட்டம் வட்டமாக எழுத்துகள் நகர்ந்தன. கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், "டிவியில அரபியா வருது?" என்று கேட்டார். "இல்ல ஆத்தா, தமிழுதான். நம்ம பாறையில இருக்குற தமிழு" என்றாள் ஒரு மாணவி.

கூட்டம் கலைந்ததும் என் பையிலிருந்த கடிதத்தை எடுத்துச் சாகுலிடம் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்குக் கூசியது. அவர் நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். ஓராண்டு, வெளிநாடு, அவருக்கும் ஆசை இருந்திருக்கும். முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், கேசட்டு அழிஞ்சப்ப எங்கிட்ட என்ன மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டார். "ஏழு எழுத்து. அவுக பீரோவுல நூத்தியிருவது இருந்துச்சு. உங்க காலேஜுல மெஷின் இருக்கு, தட்டுறதுக்கு ஆளும் கெடைப்பாக. நீங்க கூட்டிட்டுப் போக வேண்டியது அவுகளைத்தான்." கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார்.

எஸ்தர் சிரித்தார். "எனக்கு டிகிரி இல்ல சார். டிராயிங் சர்ட்டிபிகேட்டுதான். அங்கன விட மாட்டாக."

உண்மைதான். எங்கள் விதியில் பட்டம் கட்டாயம். 'முயற்சி செய்கிறேன்' என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. புறப்படும்போது மூன்று நோட்டுகளை இரவல் கேட்டேன். எஸ்தர் ஆறு கொடுத்தார்.

ஈப்போவில் குழு கூடியபோது தலைவர் கேட்ட முதல் கேள்வி, அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான். நான் ஆறு நோட்டுகளையும் மேசையில் விரித்து, உத்தமபாளையத்தில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். முதல் கூட்டத்தில் மறுத்தார்கள். இரண்டாவதில் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவதில், எஸ்தர் வராவிட்டால் ஓவியத் துறையின் மெஷினை எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். ஓராண்டு என்பது மூன்று மாதமானது. அதற்குச் சம்மதித்தார்கள்.

எஸ்தர் வந்த இரண்டாம் நாள் காலையில் என் வீட்டில் அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். பழைய கடைத்தெருவில், ஒரு சீன மருந்துக் கடைக்கு எதிரே நின்று, பெயர்ப்பலகையில் இருந்த எழுத்தைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பேர். கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அப்படியில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். கையை நீட்டிப் பென்சிலைக் கேட்டார். எஸ்தர் கொடுத்தார். கடைக்காரர் நோட்டின் ஓரத்தில் அதே எழுத்தை, கோடு கோடாக, எது முதலில், எது பிறகு என்று மெதுவாகப் போட்டுக் காட்டினார்.

எஸ்தர் கூர்ந்து பார்த்தார். பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தான் வரைந்து முடித்திருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, புதுப் பக்கத்தில் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.